கடல் பசு – இரண்டு

"புருஷன் புயல்ல மாட்டிட்டு நிக்கிறான். நீ என்னடான்னா போன்ல மீன் பாத்துட்டு உக்காந்திருக்கே!"

நாத்தனார் துணி மடித்தபடியே சொன்னாள். சின்னவள் திரையைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் மீன் பார்க்கவில்லை. கடலில் எந்த உயிரைக் கண்டாலும், எங்கே, எப்போது, எத்தனை என்று யார் வேண்டுமானாலும் பதிவு போடலாம் என்று ஒரு இணையதளம் இருக்கிறது. அவள் கணவன் மீன் பிடிக்கும் இழுவைப் படகில் இன்ஜின் டிரைவர். டால்பின், ஆமை, திமிங்கலம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் 'இன்ஜின்காரன்' என்ற பெயரில் அதில் போட்டுவிடுவான். நடுக்கடலில் போன் பேச முடியாது. படகில் இருந்த நோஞ்சான் இணைப்பில் இந்தப் பதிவு மட்டும் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். வரைபடத்தில் நீலமாய் ஒரு புள்ளி விழும். ஆள் சுகம் என்று சின்னவள் மூச்சு விடுவாள்.

நேற்று சாயங்காலத்துக்குப் பிறகு புள்ளியே இல்லை.

ஜன்னல் கண்ணாடி தடதடவென்று அதிர்ந்தது. வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது.

"அண்ணி, துறைமுக ஆபீஸ்ல பேசினீங்களே, என்ன சொன்னாங்க?"

"என்னத்தைச் சொல்லுவாங்க? ஒண்ணும் தெரியலையாம்."

"இன்னொரு தடவை கேளுங்களேன்."

"சும்மா சும்மா கேட்டா எரிஞ்சு விழுவாங்க. நீ வந்து ரெண்டு வாய் சாப்பிடு."

கூடப் பிறந்தவன் நடுக்கடலில் கிடக்கிறான், இவளுக்குச் சட்டைக் காலரை நீவி நீவி மடிக்கத் தோன்றுகிறது. கல் நெஞ்சுதான் என்று நினைத்துக்கொண்டாள் சின்னவள். சட்டென்று எழுந்து செருப்பைத் தேடினாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"துறைமுகத்துக்கு. நேர்ல போய்க் கேக்குறேன்."

"நிறைமாசத்துல, இந்த மழையிலயா? ரோட்டுல மரமெல்லாம் சாஞ்சு கிடக்கு. வண்டி எதுவும் ஓடலை."

"நடந்து போறேன்."

"பைத்தியமாடி உனக்கு?"

"உங்க தம்பிதானே அண்ணி? உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

நாத்தனார் கையிலிருந்த சட்டையை வைத்துவிட்டு எழுந்தாள்.

"போறதுன்னு முடிவு பண்ணிட்டே. குடையாவது எடுத்துட்டுப் போ. உள்ளே எங்கேயோ கிடக்கு, தேடித் தரேன். அதுவரைக்கும் உக்காரு."

உள்ளறைக்குப் போனவள் வரவே காணோம். ஒரு குடை தேட இவ்வளவு நேரமா? வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாள். சின்னவள் பொறுமை இழந்து கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தாள். கடைசியாக ஒருமுறை திரையை இழுத்துப் பார்த்தாள்.

புள்ளி.

"அண்ணி! விழுந்துடுச்சு! இப்பதான் போட்டிருக்கார். கடல் பசு ரெண்டு பாத்தாராம்! அப்போ புயல் அந்தப் பக்கமே போகலை அண்ணி!"

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

நாத்தனார் குடையோடு வந்தாள். "பாத்தியா? நாம இங்கே உயிரைக் கையில பிடிச்சுட்டு இருக்கோம், துரை அங்கே மாடு எண்ணிட்டு இருக்கார். வா, வந்து சாப்பிடு."

சின்னவள் சாப்பிட்டாள். படுத்ததும் தூங்கிப்போனாள்.

விடிந்ததும் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. கரகரத்த குரலாக இருந்தாலும் அவன் குரல்தான்.

"அண்ணி! அவர்தான் பேசுறார்!"

நாத்தனார் ஓடி வந்தாள். பாதி வழியிலேயே கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நேற்றே நல்ல சேதி வந்தாயிற்று, இப்போது ஏன் இப்படி விழுகிறாள் என்று சின்னவளுக்குப் புரியவில்லை.

"எங்கேர்ந்து பேசுறீங்க?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து. பயப்படாதே, கையில ஒரு கட்டு, அவ்வளவுதான். நேத்து காலையிலயே படகு கவுந்துடுச்சு. பொழுது சாயற வரைக்கும் மிதவையைப் பிடிச்சுட்டுக் கிடந்தோம். ஒரு கப்பல்காரன் பாத்துத் தூக்கினான்."

"நேத்து காலையிலயா? அப்புறமாத்தானே பதிவு போட்டீங்க!"

"பதிவா? போன், அது இதுன்னு எல்லாமே படகோட போச்சே!"

"கடல் பசு ரெண்டுன்னு..."

"நடுக்கடல்ல கடல் பசுவா? அது கரையோரம் புல் மேயற ஜந்துடி. எந்த மடையன் என் பேர்ல அதைப் போட்டான்?" மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னான். "ஆமா, உனக்குச் சேதியே தெரியாதா? படகு கவுழப் போகுதுன்னு அப்பவே ஒயர்லெஸ்ல ஆபீசுக்குச் சொல்லிட்டோமே. அக்கா மத்தியானம் போன் பண்ணினப்போ விவரம் சொல்லிட்டதா அவங்க சொன்னாங்களே!"

சின்னவள் போனை இறக்கினாள். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. மேஜைமேல் அவனுடைய லேப்டாப். கடலில் போட முடியாமல் போனதை வீட்டுக்கு வந்து, வரைபடத்தில் கையால் இடம் காட்டிப் போடுவான். பதிவு போடும் அந்த இணையப் பக்கம் இன்னும் திறந்தபடியே இருந்தது.

தரையில் இருந்த நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கண்கள் ராத்திரி முழுக்க மூடவில்லை என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"முதல்ல அதை அழிச்சுடு. யாராவது நிஜம்னு நம்பித் தொலைக்கப் போறாங்க" என்றாள் நாத்தனார்.

"அண்ணி... படகு கவுந்தது தெரிஞ்சுமா என்னைத் தூங்க வெச்சீங்க?"

நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பின்னே? ஒரு வீட்டுல பயப்படறதுக்கு ஒருத்தி போதாதா?"