தவசிமுத்துவின் கீரை

பழைய பேட்டரி உடைக்கும் ஆலையின் கதவு, உள்ளே வருபவரின் சிறுநீரகத்தில் சேர்ந்திருக்கும் காட்மியம் என்ற நச்சு உலோகத்தின் அளவைப் படிக்கும். சேர்ந்தது எளிதில் இறங்காது. நூறைத் தொட்டவருக்குக் கதவு திறக்காது. ஓய்வுபெறும் அறுபது வயதுவரை அங்கே யாருக்கும் அது தொடர்ந்து திறந்ததில்லை.

அங்கே வேலைபார்த்த தவசிமுத்துவுக்கு வீட்டில் தினமும் முருங்கைக்கீரைதான். இரும்புச்சத்து குறைந்தால் காட்மியம் வேகமாக ஏறும் என்று மனைவி வடிவு கேள்விப்பட்டிருந்தாள்.

அறுபது முடிந்த அன்று காலை, கதவு எழுபத்தொன்று காட்டித் திறந்தது. மாலை அவர் ரோஜாமாலையுடன் வீடு திரும்பினார்.

"இனி அந்தக் கதவுப் பக்கமே போக மாட்டேன். கீரைக்கும் லீவு விட்ரு வடிவு."

"ரிட்டயர் ஆனது நீங்க. கிட்னி நாளைக்கும் வேலைக்குப் போகணும்ல?"

தவசிமுத்து சிரித்துக்கொண்டே மாலையைக் கழற்றிவைத்துவிட்டுக் கீரையைச் சோற்றில் பிசைந்தார்.