நூற்று மூன்று டிகிரி

காய்ச்சல் இருப்பவனைத் தூக்கில் போடக் கூடாது என்பது அந்தச் சிறையின் விதி. அந்தத் தூக்குக் கைதிக்கு மறுநாள் காலை நேரம் குறித்திருந்தார்கள். மகனைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமென்று அவன் அம்மா ரயிலேறியிருந்தாள். ஆனால் அவள் வந்துசேர இன்னும் இரண்டு நாள் ஆகும்.

நர்ஸம்மா அவன் வாயிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தாள். அட்டையில் 103 என்று எழுதினாள்.

"நேத்து வரைக்கும் கல்லுக்குண்டாட்டம் இருந்தானே!" என்றார் வார்டர்.

"நீங்களே தொட்டுப் பாருங்களேன். ஒட்டிக்கிற காய்ச்சல்தான்."

வார்டர் அவசரமாக வாசலுக்கு நகர்ந்தார்.

"எனக்குக் காய்ச்சல் இல்லம்மா," என்றான் அவன் மெல்ல. "போலீஸ்காரரைக் கொன்ன பாவி நான். எனக்காக ஏன் பொய் எழுதுறீங்க?"

"உங்கம்மா வரட்டும்."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். "அவர் குரல் பத்து வருஷமா என்னைத் தூங்க விடலம்மா. ரத்தத்துல கிடந்துக்கிட்டு, 'என் சம்சாரம் வந்துட்டே இருக்கா, அதுவரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கோப்பா'ன்னு என்கிட்டயே கெஞ்சினார். நான் உதறிட்டு ஓடிட்டேன்."

நர்ஸம்மாவின் பேனா அப்படியே நின்றது. பிறகு அட்டையைக் கீழே வைத்துவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வந்தேம்ப்பா," என்றாள். "அதுக்குள்ள என் வீட்டுக்காரர் முகத்தை மூடிட்டாங்க. உங்கம்மா வர்ற வரைக்கும் உனக்குக் காய்ச்சல் குறையாது."