உள்ளங்கையில் இருந்தது

ஆதிரை என் தாடையை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள். "மூஞ்சிய மட்டும் திருப்புறியேப்பா, கண்ணையும் திருப்பு" என்பாள். கண் கைபேசியிலேயே இருக்கும். காய்ச்சலில் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவதற்கு முந்தின மாலையும், எதையோ மூடிக்கொண்டு வந்து உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். நிமிராமலே "அழகா இருக்குடா" என்றேன்.

அவளுடைய காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பியபின் மனைவி கேட்டாள்.

"அப்பாகிட்ட மட்டும்தான் காட்டுவேன்னு அன்னைக்கு ஓடிவந்தாளே. கையில என்ன வச்சிருந்தா?"

"பொன்வண்டு."

"உயிரோடவா?"

"ஆமா."

"அப்புறம் எங்க விட்டா?"

நான் ஜன்னலைக் காட்டினேன். மனைவி அருகில் வந்து உட்கார்ந்தாள். என் தாடையை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். முகம் மட்டும் திரும்பியது.