ஏழாவது குறிப்பு

"செயினைக் கழட்டிப் பையில போடு. படகுக்காரன் பார்வையே சரியில்ல" என்று விமல் மனைவி ஆர்த்தியின் காதில் சொன்னான். எஞ்சின் சத்தத்தை மீறி அது படகோட்டி பச்சைமுத்துவுக்கும் கேட்டுவிட்டது.

"இன்னா சார், திருடிடுவேன்னு பயமா?"

"தீவுக்குப் போறவங்க உங்கள மாதிரி ஆளுங்ககிட்ட எப்படி உஷாரா இருக்கணும்னு போன்லயே போட்டிருக்கான்." விமல் வேண்டுமென்றே உரக்கப் படித்தான். "ஏழாவது குறிப்பு. மிரட்டினால் சண்டை போடாதீர்கள். நகையைத் தூர வீசுங்கள். அவன் அதை எடுக்க ஓடும்போது நீங்கள் தப்பிவிடலாம்."

பச்சைமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு எஞ்சினை முடுக்கினான்.

கரை கண்ணுக்கு மறைந்த இடத்தில் படகு குலுங்கி நின்றது. நாலு பக்கமும் ஏரியின் கலங்கல் தண்ணீர். அவன் எஞ்சினை அணைத்துவிட்டு நீளமான கழியுடன் எழுந்தான்.

"ரெண்டு பேரும் எறங்குங்க."

"ஐயோ, எங்களுக்கு நீச்சல் தெரியாது!" என்று ஆர்த்தி அலறினாள்.

"எறங்குன்றேன்ல!"

விமல் பையிலிருந்து ஐந்து சவரன் செயினை எடுத்து, பலங்கொண்ட மட்டும் ஏரிக்குள் வீசினான்.

அது விழுந்த இடத்தைப் பார்த்தபடியே பச்சைமுத்து படகிலிருந்து குதித்தான். தண்ணீர் அவன் முழங்காலுக்குக்கூட வரவில்லை.

"படகு சேத்துல தட்டி நிக்குது. பாரம் எறங்குனாதான் தள்ள முடியும்."

விமல் செயின் விழுந்த பக்கம் கையை நீட்டினான். "அண்ணே... கொஞ்சம் தேடிக் குடுங்கண்ணே."

"சேத்துல கையவுட்டுத் தடவியே எறா புடிக்கிறவன் நான். ரெண்டு நிமிசத்துல எடுத்துருவேன்." பச்சைமுத்து கைகளைக் கட்டிக்கொண்டான். "ஆனா நான் தொட்டா திருடன்னுவே. நீயே எறங்கித் தடவு."