பத்தரை மணிக் கூட்டம்

“சார், இந்தக் காலை டயர் மேல வைங்க. கையை எங்கிட்ட குடுங்க. அவ்வளவுதான், ஏறிட்டீங்க!”

பாலக் கமிட்டித் தலைவரை லாரிக்குள் இழுத்துப் போட்டுவிட்டு மூச்சு வாங்கினாள் பெண் பொறியாளர்.

லாரி ஆற்றுப் பாலத்தின் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தது. விடிந்ததிலிருந்து அங்கேயேதான் நிற்கிறது. முன்னால் பார்த்தாலும் பின்னால் பார்த்தாலும் வண்டிகள். பக்கத்துக் காரில் ஒருவர் முகச்சவரம் முடித்துவிட்டு, பொழுது போகாமல் மறுபடியும் சோப்பு நுரையைத் தடவ ஆரம்பித்திருந்தார்.

இந்த அவஸ்தையைத் தீர்க்கத்தான் அவள் ஒரு புதுப் பாலத்தையும், இரு கரையிலும் அதற்குப் புதுச் சாலைகளையும் வரைந்து வைத்திருந்தாள். கமிட்டி கூடிச் சம்மதம் சொன்னால் வேலை ஆரம்பித்துவிடும். கூடினால்தானே! கூட்டம் நடக்கும் அலுவலகம் அக்கரையில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் உறுப்பினர்கள் இந்தப் பழைய பாலத்தில் மாட்டிக்கொள்வார்கள், கூட்டம் தள்ளிப்போகும். இன்றுதான் கடைசி வாய்ப்பு. பத்தரை மணிக்குள் எல்லாரும் கூடாவிட்டால் திட்டத்துக்கு முழுக்குப் போட்டுவிடுவார்கள்.

அவளுக்கு இது வெறும் உத்தியோகம் இல்லை. வீடு இக்கரை, வேலை அக்கரை. அவள் கிளம்பும்போதும் தூங்கிக்கொண்டிருக்கும், திரும்பும்போதும் தூங்கிக்கொண்டிருக்கும் மகள், போனில் மட்டுமே பேசும் அவளை ‘போன் அம்மா’ என்றுதான் கூப்பிடுகிறாள்.

அதனால்தான் இன்று, தானும் மாட்டிக்கொண்ட பேருந்திலிருந்து குதித்து, வண்டி வண்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டே ஓடினாள். தலைவர் தன் காரிலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். போலீஸ் அதிகாரி ஜீப்பில் சைரனை அலறவிட்டபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். மண் பரிசோதகரோ, சீக்கிரம் போகலாம் என்று ஆம்புலன்ஸில் ஏறி, நோயாளி மாதிரிப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். கணக்கு அதிகாரியை ஷேர் ஆட்டோவிலிருந்து பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இவர்களை எங்கே உட்காரவைப்பது என்று திரும்பினால், எதிரே நாற்காலி ஏற்றிய லாரி!

“அக்கா, பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காம உக்காரச் சொல்லுங்க. கடைக்காரர் என் தோலை உரிச்சிடுவார்” என்றார் டிரைவர்.

“கூட்டம்னா கூட்ட அறையிலதானே நடக்கணும்?” என்று இழுத்தார் கணக்கு அதிகாரி.

“தலைவர் எங்க உக்கார்றாரோ, அதுதான்யா கூட்ட அறை!” தலைவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். “மணி இன்னும் பத்தரை ஆகலை. ஆரம்பிம்மா.”

அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வரைபடத்தை விரித்து ஒரு முனையை டிரைவர் கையில் கொடுத்தாள்.

“நான் என்னத்த சார் விளக்கறது? நீங்களே சுத்திப் பாருங்க.”

எல்லாரும் சுற்றிப் பார்த்தார்கள். பக்கத்துக் கார்க்காரர் நுரை முகத்தோடு கையசைத்தார்.

“சைரன் வச்ச வண்டியே நகரலை சார். மானம் போகுது” என்றார் போலீஸ் அதிகாரி.

“மண்ணைப் பொறுத்தவரைக்கும் கவலையே வேணாம். எத்தனை பாலம் வேணும்னாலும் தாங்கும்” என்றார் மண் பரிசோதகர்.

தலைவரும் தலையாட்டினார். மகள் விழித்திருக்கும்போதே வீட்டுக்குள் நுழைவதை அவள் மனசுக்குள் ஒரு தரம் ஓட்டிப் பார்த்துக்கொண்டாள்.

கணக்கு அதிகாரி தொண்டையைக் கனைத்தார்.

“எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். இன்னிக்குக் கூட்டத்துக்கு யாராவது வராம இருந்தாங்களா?”

“ஒருத்தர் பாக்கி இல்லாம வந்துட்டாங்க சார்!” அவள் குரலில் பெருமை வழிந்தது.

“லேட்டா வந்தவங்க?”

“யாருமே லேட் இல்ல சார். எல்லாரும் பத்தரைக்கு முன்னாடியே ஆஜர்.”

“எந்த வழியா வந்தோம்?”

“இதென்ன சார் கேள்வி? இருக்கறதே இந்தப் பழைய பாலம் ஒண்ணுதானே!”

கணக்கு அதிகாரி தலைவரைப் பார்த்தார். தலைவர் மோவாயைத் தடவினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“அப்புறம் என்னம்மா? பழைய பாலத்துலயே எல்லாரும் நேரத்துக்கு வந்து சேர்ந்துட்டோமே, புதுப் பாலம் எதுக்கு?” என்று கூட்டத்தை முடித்துவைத்தவர், லாரியின் விளிம்புக்கு வந்து அவளை நோக்கிக் கையை நீட்டினார்.

“கொஞ்சம் பிடிச்சுக்கோம்மா, இறங்கணும்.”