கூட்டியும் பத்தாத வருஷங்கள்

“அப்போ, உயிரோட இருக்கற வரைக்கும் ஒண்ணும் வராதாம்மா?”

தையல்காரர் கேட்டதும் பென்ஷன் ஆபீஸ் கவுன்ட்டருக்குள் இருந்த பெண் கண்ணாடியைக் கழற்றினாள். “வராதுங்க ஐயா. ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கறது நிஜந்தான். உங்க வீட்டம்மா அந்த நாட்டு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை பார்த்த வருஷத்தையும் இங்க பார்த்த வருஷத்தையும் கூட்டிப் பார்த்துட்டேன். அப்பவும் பென்ஷனுக்குப் பத்தல.”

“வேற வழியே இல்லையா?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “ஆள் தவறிட்டா, கூட வாழ்ந்தவங்களுக்கு மாசாமாசம் வரும். அதுக்கு இத்தனை வருஷம் தேவையில்ல. சொல்லவே வாய் வரல. சட்டம் அப்படி.”

படியிறங்கி வீட்டுப் பக்கம் நடந்தார்.

பாலத்தில் வெகுநேரம் நின்றார். மூணு மாச வாடகை, மருந்துக்கடை பாக்கி. அவள் செத்தால்தான் எனக்குச் சோறு என்றல்லவா எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நினைப்பை உதறினால் திரும்பத் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்தார்.

“பெரியவரே, அவ்வளவு ஓரமா நிக்காதீங்க” என்று ஒரு சைக்கிள்காரர் சொன்ன பிறகுதான் நகர்ந்தார்.

நேரே ரெடிமேட் துணிக்கடைக்குப் போனார். “கண்ணு தெரியலன்னுதானே கடையை மூடினீங்க?” என்றார் முதலாளி.

“பட்டன் வெச்சுத் தர்றேன். கூலியைக் கொறைச்சே குடுங்க. ஆனா அன்னாடம் வேணாம், மாசம் பொறந்ததும் மொத்தமா வேணும். நான் இங்க வர்றது வீட்டுக்குத் தெரிய வேணாம்.”

முதலாளி ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

வீட்டில் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். காலையில் வைத்த மாத்திரை தட்டில் அப்படியே கிடந்தது. எனக்கு எதுக்குக் காசைக் கரியாக்கணும் என்று ஒரு வாரமாக இதே பிடிவாதம்.

“போன காரியம் என்னாச்சு?”

“கேட்டேன்.” தண்ணீர் மொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சுத்தி வளைக்காதீங்க. அத்தனை வருஷம் அந்த ஊர்ல அழுக்குத் துணி துவைச்சேனே. நான் போய்ட்டா உங்க சாப்பாட்டுக்காவது ஏதாவது குடுப்பாங்களா?”

அவர் மாத்திரையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

“மாட்டாங்களாம். நீ இருந்தாத்தான் மாசம் பொறந்ததும் பணம் வருமாம்.”