எழுபத்தொரு கிலோ

வார்டு வாசலைத் தாண்டி உள்ளே வராமல் நிற்கிறான்.

அவள் கட்டிலிலிருந்தே பார்த்துவிட்டாள். அதே கட்டம் போட்ட சட்டை. கடல் ஒத்துக்கொள்ளாமல் முகம் வெளிறிப்போயிருந்தது.

பெயர் தெரியாது.

எடை தெரியும். எழுபத்தொரு கிலோ.

மூன்று நாளைக்கு முன்பு, நிக்கோபார் தீவுகளின் தென்கோடியில், காம்ப்பெல் பே. வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது. வலியும் எடுத்துவிட்டது. ஆபரேஷனுக்கு போர்ட் பிளேர்தான் போயாக வேண்டும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நடுவில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடல்.

விமானத்தில் ஒன்றரை மணி நேரம்.

கப்பலில் இரண்டரை நாள்.

குட்டி விமானம். மூட்டையோடு ஆளையும் நிறுத்துத்தான் ஏற்றுவார்கள். அன்றைக்கு ஓர் இடம்கூட மிச்சமில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன் படியருகே நின்ற அவளைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் பிரித்தான். மடித்துத் திரும்ப வைத்தான். பெல்ட்டைக் கழற்றினான்.

"எழுபத்தொண்ணு எறங்குது, அறுபத்தெட்டு ஏறுது!" என்று எடை எழுதுகிறவர் கத்தினார்.

அவ்வளவுதான் நடந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. தையலைவிட அதுதான் மூன்று நாளாகக் குத்திக்கொண்டிருந்தது.

இறங்கியவனும் அவள் கணவனும் அன்று மாலை கப்பலேறினார்கள்.

இதோ கணவன் கட்டிலருகே வந்துவிட்டான். கையில் இரண்டு பைகள். ஒன்று அவனுடையது இல்லை.

அவள் பிள்ளையை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"மொதல்ல அருள்தாஸ் அண்ணன் கையில குடு."

பெயரும் தெரிந்துவிட்டது.

அருள்தாஸ் கூச்சத்தோடு உள்ளே வந்தான். உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். நிறுத்துப் பார்ப்பவன்போல லேசாகத் தூக்கினான்.

"எவ்வளவும்மா?"

"ரெண்டே முக்கால்ண்ணா."

"இத்துனூண்டு ஆளா என்னைய எறக்கிவிட்டது?"

அவள் சிரித்தாள். தையல் இழுத்தது. சேர்த்துவைத்திருந்த நன்றியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "அண்ணா" என்றாள்.

அவன் குனிந்தபோது கடிதம் மெத்தையில் விழுந்தது. எடுத்து மடிக்கப்போனவள் கண்ணில் பட்டுவிட்டது. அரசு வேலைக்கான நேர்முகத் தேர்வு. தேதி, நேற்று.

அவள் பார்த்ததை அவனும் பார்த்தான்.

"விடும்மா."

பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க அவன் அவசரப்படவில்லை. கேட்க அவளுக்கும் மனம் வரவில்லை.

இன்னும் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காத தகப்பன், பைகளைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு தன் முறைக்காக நின்றான்.